மேய்க்க ஆள் இல்லையா, மேய்க்க இடம் இல்லையா? சேலத்து மந்தைகளும் இளைஞர்களும்

நங்கவள்ளி வாசகர் (இழையைத் தொடங்கியவர்)

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை 2022இல் அறிவித்தது. மங்கோலியா முன்மொழிந்த தீர்மானம் அது. அதையொட்டி நடக்கும் கூட்டங்களிலும் கட்டுரைகளிலும், இளைஞர்களை ஆடு மாடு மேய்க்கும் தொழிலில் எப்படித் தக்கவைப்பது என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. பருவம் மாறுகிறது, வெயில் கூடுகிறது, பிள்ளைகள் நகரத்துக்குப் போகிறார்கள், ஆகவே தொழில் அழிகிறது என்று மூன்று வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். நம் மாவட்டத்து நிலவரத்தை வைத்து இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம் என்றே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் மழை பொய்த்தால் மழை பெய்த இடத்துக்கு மந்தையை ஓட்டிப் போவதுதான் மேய்ச்சல்காரர்கள் காலங்காலமாகக் கையாண்டுவந்த வழி. மழை தாறுமாறாகப் பெய்யும் இந்தக் காலத்தில் அந்த வழிக்கு மதிப்புக் கூடியிருக்க வேண்டும். ஆனால் மந்தை நடக்கும் பாதைகளும் தங்கும் இடங்களும் ஒவ்வொன்றாக அடைபட்டுவிட்டன. அடைபட்ட தொழிலுக்குள் வா என்று எந்தப் பிள்ளையை அழைப்பது?

மேட்டூர் அணையையே எடுத்துக்கொள்வோம். கோடையில் நீர் வடியும்போது பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை வெளியே தெரியும். ஈரம் காயாத அந்த மண்ணில் முளைக்கும் புல்லை நம்பிச் சுற்றுவட்டார ஆடு மாடுகள் இறங்கும். 2024 ஜூலை முதல் வாரத்தில் 40 அடியை ஒட்டி நின்ற நீர்மட்டம், கர்நாடக நீர்ப்பிடிப்புப் பகுதியில் கொட்டிய மழையால், அதே மாதம் 30ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. பாதி ஆண்டு வறட்சி, அதன் பிறகு நான்கு வாரத்தில் வெள்ளம். நீர் ஏறும் என்பது மேய்ப்பவருக்குத் தெரியும். கரைமேட்டுக்கு ஏறிய பிறகு எங்கே போவது என்பதுதான் கேள்வி. ஒருபுறம் விதைத்த காடு, மறுபுறம் காப்புக்காடு, நடுவே தார்ச்சாலை. முன்பு கரட்டில், அதாவது சிறு குன்றுகளில், இருந்த மேய்ச்சலில் பாதி இன்று வீட்டுமனையாகிவிட்டது.

உங்கள் ஊர் நிலவரத்தையும் எழுதுங்கள்.

கால்நடைப் பணியாளர்

ஓமலூர்ப் பக்கம் கள வேலையில் இருப்பவன். நீங்கள் நிலத்தைச் சொன்னீர்கள். நான் ஆட்டின் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

2024 ஏப்ரல் கடைசியில் சேலத்தில் வெப்பம் 41 டிகிரி செல்சியசைத் தாண்டியது. அப்படிப்பட்ட நாளில் பதினொரு மணிக்கு மேல் ஒரு செம்மறி மந்தையைப் பார்த்தால் தெரியும். புல் இருந்தாலும் மேயாது. ஒவ்வொரு ஆடும் அடுத்த ஆட்டின் வயிற்றடி நிழலில் தலையை நுழைத்துக்கொண்டு, மந்தை முழுவதும் ஒரே திரளாக நின்று இரைக்கும். மேய்ச்சல் நேரம் விடியற்காலைக்கும் பொழுது சாயும் வேளைக்கும் சுருங்கிவிடுவதால் இரைப்பை நிறைவதில்லை. சினை நிற்பது குறைகிறது. கிடாவின் விந்துத் தரமும் வெப்பத்தில் கெடுகிறது. இத்தனைக்கும் நம் மேச்சேரி ஆடு குட்டை முடி கொண்டது, வெயில் தாங்கும் இனம், தோலுக்குப் பெயர் பெற்றது. பொட்டனேரியில் 1978 முதல் இந்த இனத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. கொழுத்த வெளியினங்களைக் கொண்டுவந்து கலப்பினம் செய்யத் துடிப்பவர்கள், சேலம் வெயிலில் எது நிற்கும் என்பதை ஒருமுறை யோசிப்பது நல்லது.

அடுத்தது மழை. நீண்ட வறட்சிக்குப் பின் திடீரென்று பெய்யும் மழையில் தளதளவென்று முளைக்கும் இளம்புல்லை வயிறு புடைக்க மேய்ந்த ஆடுகளில், அதுவும் மந்தையிலேயே நன்றாகக் கொழுத்த குட்டிகளில், துள்ளுமாரி நோய் வரும். காலையில் துள்ளிய குட்டி மாலையில் இருக்காது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் சிறு பூச்சிகள் பெருகி நீலநாக்கு நோயைப் பரப்பும். மழை தவறிய ஆண்டில் வாடிநிற்கும் இளஞ்சோளப் பயிரிலோ வெட்டிய தட்டின் மறுதுளிரிலோ மந்தை நுழைந்துவிட்டால் நச்சேறிச் சாகும். இவை பழைய இடர்கள்தாம். வரும் மாதம் இன்னது என்று கணக்கு வைத்துத் தடுப்பூசி போட்டு வந்தோம், அந்தக் கணக்குதான் இப்போது பிசகுகிறது.

இளைஞர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மந்தையோடு இருக்கும் இளவட்டங்கள் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி, இந்தப் புண் அம்மையா, நீலநாக்கா என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் மூன்று நாள் கைவைத்தியம் பார்த்த பிறகு வருவதை, இவர்கள் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் தடுப்பூசி முகாம் ஊர் ஊராகத்தான் நடக்கிறது. முகாம் நாளில் மந்தை வெளியூர் விளைநிலத்தில் எருவுக்காகப் பட்டி அடைத்துக் கிடந்தால் அந்த ஆடுகள் இரு ஊர்க் கணக்கிலும் விடுபட்டுவிடும். 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் மேய்ச்சல் சமூகங்களைப் பற்றிய விவரம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது என்றால், இதற்கு முன் எத்தனை பேர் எந்தக் கணக்கிலும் இல்லாமல் நடந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கொலுசுப் பட்டறை

நான் மந்தைக்காரர் வீட்டுப் பிள்ளை. சிவதாபுரத்தில் வெள்ளிப் பட்டறையில் வேலை செய்கிறேன். தம்பி ஆட்டோடு இருக்கிறான். வெயிலுக்குப் பயந்து இளைஞர்கள் ஓடுகிறார்கள் என்று எழுதுகிறவர்கள், பற்றவைப்பு அடுப்புக்கு முன்னால் ஒரு பகல் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நான் வெளியேறியதற்குக் காரணம் சனிக்கிழமைக் கூலி. பட்டறையில் வாரம் முடிந்தால் கையில் காசு வரும். மந்தையில் குட்டி விற்றால்தான் காசு. அதுவும் பக்ரீதுக்கும் தீபாவளிக்கும் முந்தைய கொங்கணாபுரம் சனிச்சந்தையில்தான் நல்ல விலை. இடையில் மருந்துக்கும் தீவனச் சோளத்தட்டுக்கும் கடன். பட்டி அடைத்தால் எருவுக்காகக் காட்டுக்காரர் தரும் தொகை சாப்பாட்டுச் செலவுக்கே சரியாக இருக்கும். "ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்று பட்டிக்காக முன்பு போட்டி இருந்தது. இப்போது நிலக்கடலை போட்ட காடுகள் குறைந்துவிட்டன, மரவள்ளி பெருகிவிட்டது. ஏறக்குறைய வருடம் முழுவதும் நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பயிர் அது. பட்டி போட வெற்றுக் காடே கிடைப்பதில்லை. அதன் இலையும் ஆட்டுக்கு ஆகாது.

இரண்டாவது காரணம் கல்யாணம். இதை எந்த அறிக்கையிலும் எழுத மாட்டார்கள். அறுபது ஆடு வைத்திருக்கிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறவர்கள், தனியார் கம்பெனியில் இரவுக் காவல் பார்க்கிறவனுக்குக் கொடுக்கிறார்கள். அறுபது ஆட்டின் இன்றைய சந்தை விலை என்ன என்பது பெண் வீட்டாருக்கும் தெரியும். இருந்தும் கொடுப்பதில்லை.

திட்டங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேசியக் கால்நடை இயக்கத்தில் 500 பெட்டையும் 25 கிடாவும் கொண்ட பண்ணைக்கு 50 லட்சம் ரூபாய் வரை, செலவில் பாதியை மானியமாகத் தருகிறார்கள். அதைவிடச் சிறிய அளவுகளும் உண்டு. தம்பிக்காக ஒரு வங்கியில் விசாரித்தேன். நிலம் இருக்கிறதா, கொட்டகை எங்கே, தீவனப் புல் எத்தனை ஏக்கர் என்று வரிசையாகக் கேட்டார்கள். நிலமில்லாமல் நடந்து மேய்ப்பவன் என்று சொன்னதும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பரண் மேல் ஆடு வளர்ப்பவருக்குப் பணம். நடப்பவருக்கு "இளைஞர்கள் ஏன் வருவதில்லை" என்ற கவலை மட்டும்.

ஓய்வுபெற்ற நில அளவர்

உணர்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு ஆவணத்துக்கு வருவோம். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் 'அ' பதிவேடு உண்டு. அதில் மேய்க்கால் புறம்போக்கு (மேய்ச்சலுக்கென விட்ட பொது நிலம்), மந்தைவெளி, ஓடை, வண்டிப்பாதை எல்லாம் புல எண்ணோடு வகைப்படுத்தப்பட்டிருக்கும். இணையத்திலேயே அதன் நகலை எடுக்கலாம். நான் பணியில் இருந்தவரை, மேய்க்கால் புறம்போக்கைக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் அதில் ஏதாவது கட்டக் கேட்டு வந்தவர்களே. மேய்க்க வேண்டும் என்று மனுக்கொடுத்த ஒருவரையும் நினைவில்லை. கேட்பாரற்ற நிலம் என்று கோப்பில் எழுதிவிட்டால் வகைமாற்றம் சுலபம். ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டுக் கிராமத்திடம் ஒப்படைக்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஏற்காட்டு மலைவாசி

தொடக்கப் பதிவுக்குச் சற்று மாறுபட்டு எழுதுகிறேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பிறந்த, மலையாளி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவன் நான். "பாதை அடைபட்டது" என்று சமவெளியில் இருப்பவர்கள் சொல்லும்போது, அந்தப் பாதையின் மறுமுனை எங்கள் அடிவாரக் காடு என்பதை நினைவில் வைக்க வேண்டுகிறேன். கோடையில் கீழே புல் தீர்ந்தால் எல்லா மந்தையும் சரிவில்தான் ஏறுகிறது. செம்மறி புல்லோடு நின்றுவிடும். வெள்ளாடு கன்றுகளின் நுனியைக் கடிக்கும். ஒரே சரிவில் ஆண்டு தவறாமல் கடிபட்டால் அங்கே மரம் எழாது.

அதே வேளையில், காடு கெட்டதற்கு ஆட்டை மட்டும் காரணம் காட்டுவதையும் நான் ஏற்க மாட்டேன். எங்கள் சரிவுகளில் புல் இருந்த இடத்தை உண்ணிச்செடி பிடித்துவிட்டது. ஆடு அதைத் தொடாது. பசியில் தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெடிக்கும். மார்ச் மாதத்தில் அந்தப் புதர் முழுக்கக் காய்ந்து நிற்கும்போது சாலையோரம் வீசிய ஒரு பீடித்துண்டு போதும். புல்தீ காலடியில் ஓடி அணைந்துவிடும். உண்ணிப் புதர்த்தீ மரக்கிளையைப் பிடிக்கும். புதர் மண்டுவதால் தீவனம் தேடும் காட்டெருமைகளும் காப்பித் தோட்டத்துக்குள் இறங்குகின்றன. பிறகு 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை: கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, எங்கள் மலைப்பாதையிலும் மண் சரிந்தது. தீயில் வெந்து வேர்ப்பிடிப்பு இழந்த சரிவு அந்த அளவு மழையைத் தாங்குமா?

சட்டத்தைப் பற்றிப் பரவியிருக்கும் ஒரு தவறான செய்தியையும் திருத்த வேண்டும். காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தடை விதித்தது. அதே மாதத்தில் அந்த ஆணை புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தப்பட்டது. சேர்வராயன் மலை இந்த மூன்றில் எதுவும் இல்லை. ஆயினும் "கோர்ட்டே தடை போட்டுவிட்டது" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லி மந்தைகளைத் திருப்பி அனுப்புவதைக் கேள்விப்படுகிறோம். பர்கூர் மலையின் கதை வேறு. அங்கே 2024 ஜனவரியில் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதால், பர்கூர்ச் செம்மலை மாடுகளைக் காட்டில் பட்டியிட்டு வளர்ப்பவர்கள் கவலைப்படுவதில் பொருள் இருக்கிறது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ஓரிடத்தில் தங்கி மேய்ப்பவர், பருவத்துக்கு வந்து மேய்த்துப் போகிறவர் ஆகிய இரு சாராரின் மேய்ச்சல் உரிமையையும் ஏற்கிறது. பழங்குடியல்லாத மந்தைக்காரர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். நடந்துகொண்டே இருந்தவர்களிடம் எழுத்துச் சான்று எங்கே இருக்கும்? முதியவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்க விதி இடம் தருகிறது. அந்த முதியவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்கும் வேலையைப் படித்த பிள்ளைகள் செய்யலாம்.

மந்தைக்காரர் மகள்

இவ்வளவு நேரமாக "இளைஞர்" என்ற சொல்லுக்குப் பொருள் ஆண்பிள்ளை என்றே எல்லாரும் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பட்டறை அண்ணன் சொன்ன கல்யாணக் கணக்கிலும் பெண் மறுபக்கத்தில் காத்திருக்கிறவளாகவே வருகிறாள். எங்கள் வீட்டில் ஈன்ற குட்டிக்குச் சீம்பால் ஊட்டுவதும், தாய் சேர்க்காத குட்டியை வேறு ஆட்டிடம் பழக்குவதும், படலைப் பிரித்துக் கட்டுவதும், எந்த ஆடு எத்தனை ஈத்து என்ற கணக்கும் அம்மாவுடையவை. மேய்க்கப் போவது மட்டுமே தொழில் என்று எண்ணுவதால் இவை எதுவும் கண்ணில் படுவதில்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்குத் தலா நான்கு ஆடு கொடுத்தார்கள். ஆட்டைப் பெண் பெயரில் கொடுத்த அரசு, மேயும் இடத்தையும் யார் பெயரிலாவது எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் பட்டப்படிப்பு முடித்துவிட்டேன். மந்தையை எடுத்து நடத்தத் தயாரா என்று கேட்டால், என் பதில் முழு மறுப்பு அல்ல. இரவுப் பட்டிக்குக் கூட ஓர் ஆள், வறட்சி ஆண்டில் கடனுக்குள் தள்ளாத ஓர் ஏற்பாடு, இவை இரண்டும் இருந்தால் யோசிப்பேன். இரண்டாவதற்கு உலகில் முன்மாதிரி உண்டு. கென்யாவின் மார்சபிட் பகுதியில் 2010இல் ஒரு காப்பீட்டைத் தொடங்கினார்கள். செத்த மாட்டின் காதைக் கொண்டுவந்து காட்ட வேண்டியதில்லை. மேய்ச்சல் நிலத்தின் பசுமை செயற்கைக்கோள் படத்தில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பணம் வந்துவிடும். நம் ஊரில் காதுவில்லை போட்டு, ஆடு இறந்த பிறகு உடற்கூறு ஆய்வுச் சான்று வாங்கி அலைந்தால்தான் இழப்பீடு. வில்லை முள்ளில் மாட்டி அறுந்துபோன ஆட்டுக்கு அதுவும் இல்லை.

காப்பீடே எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்ல வரவில்லை. மங்கோலியாவில் 2023–24 குளிர்காலக் கடும்பனியில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. அந்த அளவு இழப்பை எந்த இழப்பீடு சரிக்கட்டும்? ஆடு சாகும் முன்னரே தீவனம் வாங்கவோ, விலை விழுவதற்குள் பாதியை விற்கவோ கையில் காசு கிடைப்பதுதான் உதவி.

நங்கவள்ளி வாசகர்

மலைவாசி அவர்களின் மறுப்பை முழு மனதோடு ஏற்கிறேன். எல்லாக் காட்டையும் எல்லா மந்தைக்கும் திறந்துவிடுங்கள் என்பது என் கோரிக்கையன்று. எந்த மந்தை, எந்த மாதம், எந்தச் சரிவு என்பதை அந்த ஊர்க்காரர்களும் மேய்ப்பவர்களும் சேர்ந்து எழுதி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும் என்கிறேன். கோடைக்கு முன் அடிவாரப் புல்லைச் செம்மறி மேய்ந்தால் தீக்கு இரை குறையும் என்பது மலைக்கும் நன்மைதானே.

தனியார் நிலத்தில் முறையான மேய்ச்சலுக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. காங்கயம், மூலனூர், தாராபுரம் பக்கத்தில் கொரங்காடு எனப்படும் தனியார் மேய்ச்சல் காடுகளில் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமும் வைத்து, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கிறார்கள். மழை குறைந்தால் புல் உறங்கும், பெய்தால் எழும். உழவும் விதையும் ஆண்டுதோறும் தேவையில்லை. மேச்சேரி ஆடும் அங்கே நன்றாகவே வளர்கிறது. எடப்பாடி, தாரமங்கலம் பக்கம் ஆள் கிடைக்காமல் தரிசாகக் கிடக்கும் மானாவாரிக் காடுகளைப் பார்க்கும்போது, அவற்றைக் குத்தகைக்கு எடுத்து இப்படி மாற்றினால் என்ன என்று தோன்றும். இதற்கு மானியம் கேட்டால் நியாயம். பரண் கொட்டகைக்கு மட்டும் கொடுப்பது ஒருகண் பார்வை.

பயிற்சியைப் பற்றியும் யாரேனும் பேசுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாவில் 2009 முதல் மேய்ப்பர் பள்ளி ஒன்று நடக்கிறது. வகுப்பில் பாடம், பிறகு அனுபவமுள்ள மேய்ப்பரோடு மலையில் தங்கிப் பயிற்சி. சேர்பவர்களில் மேய்ச்சல் குடும்பத்தில் பிறக்காதவர்களும் உண்டு. நம் தலைவாசலில் 2021இல் திறக்கப்பட்ட பெரும் கால்நடை வளாகமும் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே பட்டம் படிப்பவர்கள் சில வாரங்கள் ஒரு நடைமந்தையோடு தங்க வேண்டும், மந்தை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அங்கே சான்றிதழ்ப் பயிற்சி தர வேண்டும் என்று கேட்பதில் பிழையில்லை. பெண் வீட்டார் சான்றிதழைப் பார்த்து மனம் மாறுவார்களா என்பதைப் பட்டறைத் தம்பிதான் சொல்ல வேண்டும்!

கொலுசுப் பட்டறை

சான்றிதழைவிட மாதச் சம்பளம் மனத்தை மாற்றும் ஐயா. ஐந்தாறு வீட்டு ஆடுகளை ஒன்றாகச் சேர்த்து, இரண்டு பேருக்கு முறை வைத்துச் சம்பளம் கொடுத்து மேய்க்கச் சொன்னால், தம்பிக்கு வாரத்தில் ஒரு நாளாவது வீட்டில் தங்கும் வாய்ப்புக் கிடைக்கும். பத்து நாள் நடைக்குப் பிறகு ஒரு நாள் ஓய்வு என்பதே இன்று இல்லை. வெயிலும் மழையும் ஒருவர் பின் ஒருவராக மாற்றிக்கொண்டால் தாங்கக்கூடியவையே. ஒரே ஆள் 365 நாளும் நிற்க முடியாது. எங்கள் தெருவில் இதைப் பேசிப் பார்த்தோம். ஆடு எங்கே மேயும் என்ற இடத்திலேயே பேச்சு நின்றுவிட்டது. கரட்டை ஒட்டி ஒரு மேய்க்கால் நிலம் இருப்பதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பாதிக்கு மேல் சீமைக்கருவேலம். அதை எப்படிக் கேட்பது?

ஓய்வுபெற்ற நில அளவர்

தம்பி, முதலில் 'அ' பதிவேட்டு நகலையும் புலப்பட நகலையும் எடுங்கள். வகைப்பாடு இன்னும் மேய்க்காலாகவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சீமைக்கருவேலத்தை அகற்றி மேய்ச்சல் நிலமாகவே வைத்திருக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. கோரிக்கையை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், புல எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். வேரோடு எடுக்காமல் வெட்டி மட்டும் விட்டால் சீமைக்கருவேலம் மறு மழைக்குத் தழைத்துவிடும், அதையும் மனுவில் சேருங்கள். மந்தைக்காரர் மகள் பட்டதாரி என்கிறார். மனுவை அவரைப் போன்றவர்கள் எழுதினால் இன்னும் தெளிவாக இருக்கும்.

மந்தைக்காரர் மகள்

புல எண்ணை இங்கே பொதுவில் போட வேண்டாம் அண்ணா, தனிச்செய்தியில் அனுப்புங்கள். வரைவை எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போடும்போது அண்ணியையும் அம்மாவையும் போடச் சொல்லுங்கள். ஆடு அவர்கள் பெயரில்தானே இருக்கிறது.